மக்கள் பங்கேற்பு நகரத் திட்டமிடலைச் செய்முறையாகக் கற்பித்தல்: சில முறைகளும் அவற்றின் பயன்பாடும்

நகரத் திட்டமிடல் பொறியியலாளர்க்கும் நில அளவையாளர்க்கும் மட்டுமே உரிய துறை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆகவே, இந்திய ஆய்வியல் துறை இதழொன்றில் அதுபற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று வாசகர் வினவக்கூடும். தீபகற்ப மலேசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டாளர்க்கு விற்கப்பட்டும் வந்த பல பத்தாண்டுகளில், அங்கிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல நகர்ப்புறப் புறம்போக்கு நிலங்களிலும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறின. இக்குடும்பங்களின் அன்றாட வாழ்வை நிர்ணயிக்கும் ஆவணங்களுள் முதன்மையானது நகரத் திட்ட வரைபடம். ஆயினும் அவ்வரைபடத்தைப் படிக்கவோ அதனோடு வாதிடவோ அவர்களுக்கு எவரும் கற்றுத் தந்ததில்லை. அவர்களிடம் செல்லவிருக்கும் திட்டமிடல் மாணவர்க்கும், அவர்களின் பேச்சைக் கேட்கக் கற்றுத் தந்தோர் சிலரே. இவ்விடைவெளியில் தமிழ் கற்பிப்போர்க்கு ஒரு பணி உண்டு என்பது நம் துணிபு.

மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) வட்டாரத் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும், ஆட்சேபம் தெரிவிக்க நான்கு வாரங்களுக்குக் குறையாத காலம் தர வேண்டும் என்றும் விதிக்கிறது. கூட்டரசுப் பிரதேசத்திற்கு 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. எனவே சட்டத்தில் வாயில் இல்லை என்று கூற இயலாது. வாயிலுக்குள் நுழைந்த முதியவர், பல வண்ணம் தீட்டிய வரைபடத்தின்முன் நின்று, தம் வீடு அதில் எங்குள்ளது என்று தேடிக் காணாமல் திரும்பிவிடுகிறார். சட்டம் தந்த நான்கு வாரமும் அவ்வாறே கழிகின்றது.

விரிவுரையால் ஆகாத ஒன்று

பங்கேற்பு பற்றிய பாடம் பெரும்பாலும் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் வெளியிட்ட ‘குடிமக்கள் பங்கேற்பின் ஏணி’ என்னும் கட்டுரையிலிருந்தே தொடங்குகிறது. எட்டுப் படிகள். கீழிரண்டும் பங்கேற்பே அல்ல. மக்களைத் தம் வழிக்குக் கொணரும் உத்திகள். இடையிலுள்ள மூன்றும், அதாவது அறிவித்தல், கருத்துக் கேட்டல், சமாதானப்படுத்தல் ஆகியவை, பெயரளவுப் பங்கேற்பு. மேலுள்ள கூட்டாண்மை, ஒப்படைத்த அதிகாரம், குடிமக்கள் கட்டுப்பாடு ஆகிய மூன்றில்தான் முடிவெடுக்கும் ஆற்றல் மக்கள் கைக்கு மாறுகின்றது. மாணவர் இவ்வெட்டையும் மனனம் செய்து தேர்வில் பிழையின்றி எழுதிவிடுவர். ஆனால் ஒருவர் பேசப் பலர் குறிப்பெடுக்கும் விரிவுரை மண்டபத்தில் ஏணியின் மூன்றாம் படியாகிய ‘அறிவித்தல்’ மட்டுமே நிகழ்கிறது. பங்கேற்பைப் பங்கேற்பில்லாத முறையில் கற்பிப்பதிலுள்ள இம்முரணைச் செய்முறைக் கற்பித்தலால்தான் ஓரளவு நீக்க முடியும்.

‘செய்முறை’ என்ற சொல்லுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. மாணவர் கையில் கத்தரிக்கோலும் அட்டையும் தந்துவிட்டால் அது செய்முறை ஆகிவிடும் என்று கருதுவோர் உளர். மாணவரின் கை இயங்கியதா என்பதைவிட, கருவி மாணவர் கையிலிருந்து குடியிருப்பாளர் கைக்கு மாறியதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஈண்டு நாம் எடுத்துரைக்கும் முறைகள் அனைத்தையும் இந்த அளவுகோலைக் கொண்டே நோக்குகிறோம்.

கெடிஸ் காட்டிய வழி

இம்முறைகளுக்கு முன்னோடி ஒருவர் தமிழகத்தோடு தொடர்புடையவர் என்பது நம் மாணவர் பலர் அறியாதது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ் தாவரவியல் பயின்றவர். நோயைக் கண்டறிந்த பின்னரே மருந்து என்பதுபோல, நகரை நடந்து அறிந்த பின்னரே திட்டம் என்று வலியுறுத்தியவர். 1914-இல் நகரங்கள் பற்றிய தம் கண்காட்சியுடன் அவர் சென்னைக்குப் புறப்பட்டார். காட்சிப்பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையின்மீது குண்டு வீசி, அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்தையும் தாக்கிய அதே எம்டன்தான். தமிழில் ‘எம்டன்’ என்னும் சொல் எத்தர்க்கு வழங்கலான கதையை நம் வாசகர் அறிவர். நகரத் திட்டமிடல் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு என்பது கூடுதல் செய்தி. கண்காட்சி மீண்டும் திரட்டப்பட்டு 1915 சனவரியில் சென்னையில் நடந்தது. அதன்பின் கெடிஸ் மதுரை, தஞ்சாவூர் முதலிய நகர்களை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலான தெருக்களை இடித்து நேர்கோட்டுச் சாலைகள் போடுவதை அவர் எதிர்த்தார். சிற்சில சிதைந்த வீடுகளை மட்டும் நீக்கி, வெளியிடங்களைத் திறந்து, எஞ்சியதைக் காக்கும் முறையைப் பரிந்துரைத்தார். இடிப்பதைக் குறைக்க வேண்டுமாயின் எந்தத் திண்ணை எதற்குப் பயன்படுகிறது, எந்த மரத்தடியில் யார் கூடுகின்றனர் என்று அறிந்திருக்க வேண்டும். அதற்கு நடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்று ‘ஊடுநடை’ என நாம் கற்பிக்கும் முறை இதன் வழித்தோன்றலே. குடியிருப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மாணவர் இருவர், அங்கு வாழும் ஒருவரின் பின்னால் நடப்பர். பின்னால் என்பது இன்றியமையாதது. வழியைத் தேர்பவர் குடியிருப்பாளர். நிற்குமிடத்தையும் அவரே தீர்மானிப்பார். மாணவர் நின்ற இடத்தையும், அங்கே சொல்லப்பட்டதையும், சொல்லப்பட்ட சொல்லிலேயே குறிக்க வேண்டும். காலை ஒரு நடை, இரவு ஒரு நடை என இரண்டும் வேண்டும். பகலில் வெறுமையாக இருந்த வாகன நிறுத்துமிடம் மாலையில் ஒட்டுக்கடைகளின் தெருவாக மாறுவதை ஒரே நடையில் காண முடியாது.

கோலமாவில் வரைந்த ஊர்

1980-களின் இறுதியில் தென்னிந்தியக் கிராமங்களில் மைராடா போன்ற அமைப்புகளும், இராபர்ட் சேம்பர்ஸ் முதலிய ஆய்வாளர்களும் வளர்த்தெடுத்த முறைகள் பின்னர் உலகெங்கும் பரவின. அவற்றுள் நம் கவனத்திற்குரியது தரைப்படம். காகிதத்தையும் எழுதுகோலையும் தவிர்த்து, மக்கள் தரையில் கோலப்பொடி, விதை, கல், இலை முதலியவற்றைக் கொண்டு தம் ஊரை வரைகின்றனர். ‘கோலை ஒப்படையுங்கள்’ என்பது சேம்பர்ஸ் அடிக்கடி வலியுறுத்திய கருத்து. சுட்டிக்காட்டும் கோல் ஆசிரியரிடமோ அதிகாரியிடமோ இருக்கும்வரை மற்றவர் மாணவராகவே இருப்பர் என்பது அதன் பொருள்.

இதன் உண்மையை அறியச் செய்ய, நம் துறை மாணவரையும் நகரமைப்பு பயிலும் மாணவரையும் இணைத்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் ஒரே பயிற்சியை வேண்டுமென்றே இருமுறை நடத்தினோம். முதல்நாள் பெரிய தாளும் தடித்த எழுதுகோல்களும் வைக்கப்பட்டன. படித்த இளைஞர் ஒருவர் எழுதுகோலை எடுத்தார். பெண்கள் சுவரோரம் ஒதுங்கினர். கட்டடங்கள், சாலைகள், வாகன நிறுத்துமிடங்கள் எனப் படம் விரைவில் முடிந்தது. நேர்த்தியான படந்தான். மறுவாரம் அதே கீழ்த்தளக் கூடத்தில் தாளும் எழுதுகோலும் இல்லை. கோலமாவும் ஒரு கூடைப் புளியங்கொட்டையும் வைத்தோம். இம்முறை சுவரோரம் ஒதுங்கியவர் இளைஞர். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவர் முதலில் புள்ளிகளை வைத்தார். வீடுகள் அவருக்குப் புள்ளிகள். அவற்றை இணைத்த கோடுகள் சாலைகளல்ல. யார் யார் வீட்டிற்கு அவர் போய்வருகிறார் என்பதே அக்கோடுகள். மின்தூக்கியை அவர் வரையாததைக் கண்ட மாணவர் முந்தைய வாரப் படத்தைக் காட்டி வினவினார். ‘அந்தப் படத்துல லிப்ட்டு இருக்கு. லிப்ட்டு நிக்கிற நாளு அதுல இல்லையே, தம்பி’ என்றார் அவர்.

மாணவர்க்கு அரைநாள் விரிவுரை தர இயலாததை அவ்வொரு விடை தந்தது. வரைபடம் இடத்தைக் காட்டும், காலத்தைக் காட்டாது. அன்று மாலை மாணவரே புளியங்கொட்டைகளைக் கொண்டு ஒரு மாதத்தில் மின்தூக்கி நின்ற நாள்களைத் தளவாரியாகக் குடியிருப்பாளரிடம் கேட்டு அடுக்கினர். மேல்தளங்களில் வாழும் முதியோர் எந்நாள்களில் மருத்துவமனைச் சந்திப்பைத் தவறவிட்டனர் என்பது அதன்வழி வெளிப்பட்டது. நகரத் திட்டத்தில் ‘போக்குவரத்து வசதி’ என்னும் தலைப்பின்கீழ் வரவேண்டிய செய்தி இது.

கோலமாவு தமிழ்ப் பண்பாட்டின் அடையாளம் என்பதற்காக நாம் அதைப் பரிந்துரைக்கவில்லை. அம்மூதாட்டியின் கை அதனை நாள்தோறும் அறிந்தது என்பதே காரணம். மலாய்க்காரர் மிகுந்த கம்பத்திலோ சீனர் வாழும் புதுக்கிராமத்திலோ வேறொரு பொருளைத் தேட வேண்டும். அதைத் தேடிக் கண்டறிவதையே மாணவரின் முதற்பணியாக ஆக்கலாம்.

தரைப்படத்திற்கும் குறைகள் உண்டு. பலர் பார்க்க வரையப்படும் படத்தில் வீட்டு வன்முறையும் கடன்தொல்லையும் இடம்பெறா. ஊரில் செல்வாக்குடையவர் கூடத்தில் நின்றால் படம் அவர் விருப்பப்படியே அமையும். பங்கேற்பே ஒரு புதிய கொடுங்கோன்மையாகிவிட்டதா என்று வினவிய ஆய்வுத் தொகுதியொன்றை பில் குக், உமா கோத்தாரி இருவரும் 2001-இல் வெளியிட்டனர். அதனை இப்பயிற்சிக்குப் பின்னரே மாணவர் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. முன்னரே படித்தவர் ஐயத்துடனே வந்து, எதையும் செய்து பாராமல் திரும்புகின்றனர்.

அட்டை மாதிரியும் அமைதியும்

கூட்டத்தில் உரத்துப் பேசுவோரே வெல்வர் என்னும் சிக்கலுக்கு டோனி கிப்சன் என்பவர் பிரித்தானியாவில் 1970-களில் ஒரு விடை கண்டார். தமிழில் ‘மெய்யான திட்டமிடல்’ எனலாம். கிளாஸ்கோவின் டால்மார்னாக் பகுதியில் தொடக்கக் காலத்தில் செய்து பார்க்கப்பட்ட இம்முறையில், குடியிருப்பாளர் தம் பகுதியின் மாதிரியை அட்டையால் செய்வர். அளவு பெரும்பாலும் 1:200 அல்லது 1:300. தத்தம் வீட்டை அடையாளங்காணப் போதுமானது. எடை குறைந்த பல துண்டுகளாகச் செய்வதால் கடைவாசலுக்கும் பள்ளிக்கும் கோயில் மண்டபத்திற்கும் தூக்கிச் செல்லலாம். பின்னர் ‘விளக்குக்கம்பம்’, ‘இருக்கை’, ‘வேகத்தடை’, ‘குழந்தைகள் காப்பகம்’ எனப் பல ஆலோசனை அட்டைகள் வைக்கப்படும். விரும்பியவர் விரும்பிய இடத்தில் அட்டையை வைத்துவிட்டு நகரலாம். யார் வைத்தது என்று கேட்பதில்லை. இறுதியில் ‘இப்போது’, ‘விரைவில்’, ‘பின்னர்’ என மூன்று பகுதிகளாக அட்டைகளை அடுக்குவர். மற்றொருவர் அட்டையை இடம் மாற்றலாம். ஆனால் தூக்கி எறியலாகாது, உடன்படாததைப் புரட்டி வைக்கலாம்.

இதன் நுட்பம் மக்களின் பார்வை செல்லும் திசையில் உள்ளது. கூட்டத்தில் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். அதனால் கூச்சமும் சினமும் எழுகின்றன. மாதிரியைச் சுற்றி நிற்கும்போது அனைவர் கண்ணும் மேசைமீதே இருக்கிறது. அதிகாரிகளும் வல்லுநர்களும் ஓரமாக நின்று, கேட்டால் மட்டுமே விடை கூற வேண்டும் என்பது விதி. நம் அனுபவத்தில் மாணவர்க்கு மிகக் கடினமானது இவ்விதியே. மாதிரி செய்யவும் அட்டை எழுதவும் எளிதில் கற்றுக்கொள்வோர், ஒருமணி நேரம் வாய் மூடி நிற்க முடியாமல் தவிக்கின்றனர். ஆகவே, களம் செல்லுமுன் வகுப்பறையிலேயே இதற்கு ஒத்திகை தேவை. மாணவருள் சிலரைக் குடியிருப்பாளராகவும் சிலரை ஊராட்சி மன்ற அலுவலராகவும் நடிக்கச் செய்து, அலுவலர் பேசும் ஒவ்வொரு முறையும் ஒருவர் கோடு போட்டுக் கணக்கிட்டால் போதும்.

நடைபாதைப் பெண்களின் பள்ளி

இதுகாறும் கூறியவற்றில் கற்பிப்பவர் பல்கலைக்கழகத்தார். கற்பிப்போரும் கற்போரும் இடம் மாறிய ஒரு நிகழ்வு மும்பையில் உண்டு; செய்முறைக் கற்பித்தல் பற்றி எழுதுவோர் அதைக் கடந்துசெல்ல இயலாது.

ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். மும்பைக்குப் பிழைக்கச் சென்று ஜனதா காலனி என்னும் குடிசைப்பகுதியில் வாழ்ந்தார். 1976-இல் அக்குடியிருப்பு அகற்றப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப் என்னும் இடத்திற்குப் பெயர்க்கப்பட்டனர். தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பை உருவாக்கியவர்; 2000-இல் மகசேசே விருது பெற்றவர்; 2018-இல் மறைந்தார். போராட்டமும் வழக்கும் மட்டும் போதா, தம்மைப்பற்றிய கணக்கை மக்கள் தாமே வைத்திருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

அக்காலத்தில், 1985 சூலையில், நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று கூறிய அத்தீர்ப்பு, மழைக்காலம் கழிந்தபின் குடிசைகளை அகற்றவும் இடமளித்தது. அவ்வாண்டே, 1984-இல் தொடங்கப்பட்ட ஸ்பார்க் என்னும் அமைப்பு, நடைபாதைவாசிகளுடன் இணைந்து ஏறத்தாழ 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்து வெளியிட்டது. யார், எங்கிருந்து வந்தனர், என்ன வேலை, எவ்வளவு தொலைவு நடந்து வேலைக்குச் செல்கின்றனர் என்ற செய்திகள் அதில் இருந்தன. இவர்கள் நேற்று வந்த நாடோடிகள் என்னும் பேச்சுக்கு அதன்பின் எண்ணாலான மறுப்பு இருந்தது.

அடுத்து நடந்தது நம் பாடத்திற்கு இன்னும் நெருக்கமானது. பைகுல்லா நடைபாதைப் பெண்கள் மகிளா மிலன் என்னும் பெயரில் ஒன்றுகூடி, தமக்கு வீடு எப்படி இருக்க வேண்டும் என்று வடிவமைக்கத் தொடங்கினர். நகரில் வெற்று நிலமே இல்லை என்று கூறப்பட்டபோது, வளர்ச்சித் திட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகரெங்கும் சென்று நிலங்களைப் பார்வையிட்டனர். அளவுநாடா பிடிக்கக் கற்றனர். அட்டை மாதிரியோடு நில்லாமல், மரச்சட்டமும் துணியும் கொண்டு முழு அளவிலேயே வீட்டை எழுப்பி, 1986-இல் பொதுமக்களும் அலுவலரும் காண நிறுத்தினர். உள்ளே நுழைந்து, படுத்துப் பார்த்து, சமைக்கும் மூலையில் குந்திப் பார்த்து, அளவை மாற்றலாம். தரைப்பரப்பு சிறிதாயினும் கூரை 14 அடி உயரம் இருந்தால் பரண் கட்டிக் குடும்பத்தில் பாதிப்பேர் மேலே உறங்கலாம் என்பது அப்பெண்கள் கண்ட தீர்வு. இரண்டு பரிமாணத் தாளில் பயின்றவர்க்கு அது எளிதில் தோன்றியிராது. தோராயமாக இரண்டு மீட்டர் நடைபாதையில் ஐந்தாறு பேருடன் உறங்கிப் பழகியவர்க்கு உயரத்தின் விலை தெரிந்திருந்தது.

இதனை நம் மாணவர்க்குக் கற்பிக்க மும்பைக்குச் செல்ல வேண்டியதில்லை. கயிறும் பழைய சேலைகளும் ஒரு திறந்த கூடமும் போதும். மலிவு விலை அடுக்குமாடி வீடொன்றின் தளப்படத்தை எடுத்து, அதனை முழு அளவில் தரையில் கயிற்றால் இட்டு, சேலைகளைச் சுவராகத் தொங்கவிட்டு, அத்தகைய வீட்டில் வாழும் ஓர் அம்மாவை அழைத்து நடத்திக் காட்டச் சொல்ல வேண்டும். பொங்கல் பானை எங்கே வைப்பது, இறந்தவர் உடலை எங்கே கிடத்துவது, பன்னிரண்டு பேர் வந்தால் எங்கே அமர்வது என்பன போன்ற வினாக்களைத் தளப்படம் எழுப்பாது. சேலைச் சுவர் எழுப்பும்.

குறிவிளக்கத்தின் மொழி

இனித் தமிழாசிரியர்க்கு நேரே உரிய பகுதிக்கு வருவோம். வரைபடத்தின் மூலையில் உள்ள குறிவிளக்கப் பட்டியலில் ‘சமூக வசதி’, ‘சமய நிலையம்’, ‘பசுமைப் பகுதி’ என்றே இருக்கும். தோட்டத்தில் வாழ்ந்தோர் தம் நிலத்தை வேறு சொற்களால் அறிவர்: பெரட்டுக்களம், லயம், ஆயாக்கொட்டகை, கிராணி வீடு, ஸ்டோரு, எல்லைக்கோயில். பெரட்டுக்களம் என்பதை ‘ஒன்றுகூடுமிடம்’ என மொழிபெயர்த்தால் பொருள் தேய்ந்துவிடும். விடியுமுன் பேர்வாசித்து வேலை பிரித்த இடம் அது. திருமணமும் திரைப்படமும் தேர்தல் கூட்டமும் நடந்த இடமும் அதுவே. அடுக்குமாடியில் அதற்கு ஈடான இடம் யாது என்று கேட்டால்தான், அத்தகைய இடம் ஒன்று தரப்படவில்லை என்பது திட்டமிடுவோர்க்குப் புலப்படும். சொல் படத்தில் இல்லையேல் இழப்பும் படத்தில் இராது.

2009-இல் பினாங்கின் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த இடம். நில உரிமை வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது பட்டாவை. ஆயினும் ஒரு குடியிருப்பு எவ்வாறு இயங்கியது, மேய்ச்சல் எங்கே, பால் எவ்வழியே நகருக்குச் சென்றது என்னும் செய்திகள் இடிப்புக்கு முன் அங்கு வாழ்ந்தோர் சொல்லிலேயே படமாக வேண்டும். பின்னர்ச் செய்வது நினைவுக்குறிப்பு. முன்னர்ச் செய்தால் அது சான்று. இன்னும் அகற்றப்படாத குடியிருப்புகள் பல நம் அருகிலேயே உள்ளன.

எனவே, கூட்டுக்குழுவில் தமிழ் மாணவரை வெறும் மொழிபெயர்ப்பாளராக அமர்த்துவதை நாம் ஏற்பதில்லை. குடியிருப்பாளர் முன்னிலையிலேயே தரைப்படத்தைத் தாளுக்கு மாற்றும் பொறுப்பும், அவர்கள் சொல்லையே குறிவிளக்கத்தில் எழுதி எதிரே மலாய்ச் சொல்லை இடும் பொறுப்பும் அவருடையவை. படியெடுப்பவரே படத்தை மாற்றவல்லவர். ஆகவே அப்பணி கண்முன் நடைபெற வேண்டும்.

மதிப்பீடு பற்றிச் சில சொற்கள். பதினான்கு வாரப் பருவத்தில் இவை அனைத்தையும் செய்ய முடியாது. ஊடுநடையும் தரைப்படமும், ஒன்று கூடுதலாக வேண்டுமாயின் சேலை வீடும் போதும். மாணவர் இறுதியில் தம் பயிற்சி ஆர்ன்ஸ்டைன் ஏணியின் எப்படியில் நின்றது என்று சான்றுடன் எழுத வேண்டும். பெரும்பாலோர் ஆறாம் படியைக் கோருவர். நேர்மையானவர் நான்காம் படியில், கருத்துக் கேட்டலில், நிற்பர். முடிவெடுக்கும் அதிகாரம் மாணவரிடமே இல்லாதபோது அதனை அவர் எவ்வாறு பிறர்க்கு ஒப்படைக்க இயலும்? நான்காம் படியைச் சான்றுடன் நிறுவுவோர்க்கே நாம் கூடுதல் மதிப்பெண் தருகிறோம்.

படத்தின் மூலப்படி குடியிருப்பாளர் சங்கத்திடமே தங்க வேண்டும். பல்கலைக்கழகம் நகலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அச்சங்கத்தார் பிழை திருத்திக் கையொப்பமிடும்வரை புள்ளி வழங்குவதில்லை என்னும் விதியை நாம் கடைப்பிடிக்கிறோம். இதனால் பருவ இறுதியில் மதிப்பெண் பட்டியல் தாமதமாவதும், தேர்வுப் பிரிவிலிருந்து நினைவூட்டுக் கடிதம் வருவதும் வழக்கமாகிவிட்டன.